அழிக்கூடும் ஒரு தட்டு மணலும்

அன்றைக்கு அந்தத் தொழுவத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஞ்சு அரைக்கிற ஜின்னிங் பாக்டரியின் மேனேஜர் ஐயா. அவருடைய சம்சாரம், நாங்கள் எல்லோரும் அம்மா என்று கூப்பிடுகிறவர். ராஜபாளையத்தில் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான வயசாளி ராஜு. அவர் வீட்டில் மாட்டுக்குத் தீனி வைக்கிற ஆள். பிறகு, மேனேஜர் பங்களாவில் காவலும் தோட்டவேலையும் பார்த்துக்கொண்டிருந்த நான். இவ்வளவுதான் மனுஷர். சாக்கின் மேல் குட்டி போட்ட தாய்நாயும் அதன் மடியில் ஐந்து குட்டிகளும்.

இதை இப்படிக் கறாராக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிறகு காரியம் கெட்டபோது ஆளாளுக்கு, "நான் மட்டும் அன்னைக்கு அங்க இருந்திருந்தா அப்பமே சொல்லியிருப்பேன்" என்றார்கள். இருந்தவர்கள் நாங்கள்தான். எங்களில் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது. பாக்டரி முதலாளிக்கு ராஜபாளையம் நாய் என்றால் உயிர். வருஷத்துக்கு ஒரு தடவை பங்களாவுக்கு வந்து தங்கிவிட்டுப் போவார். அவர் கண்ணில் நல்ல நாய் ஒன்று பட்டால் நமக்கும் மரியாதைதானே என்று மேனேஜர் ஐயாவுக்கு ஆசை. அதற்காகத்தான் வில்வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தோம்.

அந்த ஜாதி நாய் பாலைக் கொட்டினது மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மதிப்பு. ஆனால் வெள்ளை தூக்கலாக இருக்கிற குட்டிகளில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் குட்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை வைப்பார்கள்.

"எங்க வீட்டுல இருந்து செவிட்டுக் குட்டி வெளிய போனதில்லய்யா. போக விடுறதும் இல்ல" என்றார் பெரியவர்.

"அப்போ அத என்ன செய்வீக?" என்று அம்மா கேட்டார்.

"குழிதாம்மா. பன்னி வார சத்தம் கேக்காத நாய வேட்டைக்குக் கொண்டுபோக முடியுமா? காவலுக்காவது ஆகுமா? பாவம் பாத்து ஒண்ண விட்டா, அது போற எடத்துல எல்லாம் நம்ம வீட்டுப் பேரச் சொல்லும்." பிறகு தீனி வைக்கிற ஆளைப் பார்த்து, வீட்டுப் பேச்சான தெலுங்கு கலந்து, "ஏமிரா, கொண்டா தாம்பாளத்த" என்றார்.

அந்த ஆள் குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கட்டையால் ஓங்கி அடித்தான். எனக்கே நெஞ்சு ஒரு தடவை நின்றுவிட்டது. குவியலாகக் கிடந்த குட்டிகள் மொத்தமாகத் துள்ளின. அடியில் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று, மற்றதுகள் துள்ளின துள்ளலில் உருண்டு எழுந்து எங்களைப் பார்த்தது. எல்லாவற்றிலும் வெள்ளை அதுதான். உடம்பில் ஒரு சொட்டு வேறு நிறம் இல்லை.

"அவுனு, எல்லாத்துக்கும் கேக்குது" என்றார் பெரியவர்.

"அதுதான்" என்று மேனேஜர் ஐயா கையை நீட்டினார்.

குவியலைக் கலைத்து ஒவ்வொன்றாகத் தனியே வைத்து அடித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் காலங்காலமாக அப்படித்தான் பார்க்கிறார்கள்.

விலை பேசும்போது பெரியவர் முகத்தைச் சுளித்தார். "நாய நாங்க விக்கிறது இல்லய்யா. தாய்க்குப் பால்சோத்துக்குன்னு என்னமும் குடுத்துட்டுப் போங்க." என்னமும் என்றால் எம்புட்டு என்று ஐயா கேட்டார். பதினைந்து ரூபாய் என்று கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது. என் சம்பளம் அப்போது எட்டு ரூபாய்.

திரும்பி வரும்போது குட்டி என் மடியில் கிடந்தது. பாதி வழியில் வேட்டியெல்லாம் சூடாக நனைந்துவிட்டது. ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, உனக்கு ரெண்டாந்தரம் ஞானஸ்நானம் ஆயிட்டுது!"

நானும் சிரித்தேன். ஆனால் என் உள்ளங்கைக்குள் அதன் இருதயம் அடித்துக்கொண்டது சிரிக்கிற மாதிரி இல்லை. என் சம்சாரம் அப்போது மாசமாக இருந்தாள். அதற்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது. மற்றது பல் முளைக்கிற சமயத்தில் காய்ச்சல் கண்டு போனது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்களுக்குப் பயம் வந்தால் அதற்கு ஒரு பதில் சொல்லிக்கொள்ளத் தெரியும் போலிருக்கிறது. எனக்குத் தெரியாது. கதவைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், பிறகும் ஒரு தடவை வந்து பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனால் பாதித் தெருவில் திரும்பிவிடுவேன். அன்றைக்கு அந்த வண்டியில் வைத்து, யாரும் கேட்காமல் நானே மனசுக்குள் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டேன். இந்தக் குட்டி பிழைத்தால் என் பிள்ளை பிழைக்கும். இதற்கு ஒன்று ஆனால் அதற்கும் ஆகும். போட்ட கட்டை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை.

பங்களாவில் வழவழவென்று சிவப்புச் சிமிண்டுத் தரை. தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டு மட்டையால் தேய்ப்பது என் வேலை. கூடத்தில் ஒரு பெரிய ஜமுக்காளம் விரித்திருக்கும். குட்டி வந்த முதல் வாரத்தில் அந்த ஜமுக்காளத்தை எத்தனை தடவை அலசிக் காயப்போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஐயா வாசலில் நின்று சொன்னார்: "முதலாளி வாரப்போ இது வீட்டுக்குள்ள பேண்டு வச்சுதுன்னா மறுநாளே ராஜபாளையத்துக்கு வண்டிதாம்லே. நீயே கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு."

ராஜபாளையத்துக்குத் திரும்பப் போனால் அந்த வீட்டில் என்ன செய்வார்கள் என்று தொழுவத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியம். எங்கள் பக்கத்தில் எந்தக் குட்டியானாலும், கோழிக்குஞ்சானாலும் ஆட்டுக்குட்டியானாலும், பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்துவிடுவோம். அதைத்தான் நானும் செய்தேன். மூங்கில் பஞ்சாரத்துக்குள் குட்டிக்கு ஒதுங்க இடம் இல்லை. படுத்த இடத்திலேயே வெளிக்கு இருந்து, அதிலேயே புரண்டு, வெள்ளைக் குட்டி மஞ்சள் குட்டியாக வெளியே வந்தது. இரண்டு மூன்று நாளில் அதற்கு அது பழகியும் போனது. தன் அழுக்கில் படுக்கப் பழகின நாயை மாற்றுவது கஷ்டம் என்று அம்மா பதறிப்போனார்.

"பஞ்சாரத்த எடுத்து எறி. பின்கட்டு அறையில பழைய கட்டிலுக்குப் பின்னால ஒரு கூடு கெடக்கு பாரு, அதக் கொண்டா" என்றார்.

அவர் மகன் தவழ்கிற வயசில் செய்த கூடு அது. மகன் இப்போது பாளையங்கோட்டையில் போர்டிங்கில் இருந்து படிக்கிறான். அம்மா அங்கே சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் கைக்குழந்தையை இந்த மாதிரிக் கூட்டில் விட்டிருந்ததைப் பார்த்தாராம். அந்த ஞாபகத்தில் ஆசாரியிடம் சொல்லிச் செய்வித்தது. நாலு பக்கமும் ஜன்னல் அழி மாதிரி மரக்கம்புகள், தொடை உயரம். அடியில் தேக்குப் பலகை. பலகை தரையில் படாமல் நாலு மூலையிலும் குட்டைக் கால்கள். மேல் சட்டத்தில் ஒரு இடத்தில் அந்தப் பையன் பல் முளைக்கும்போது கடித்த தடம் வரிசையாக இருந்தது. நான் அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

"நாய் தூங்குற எடத்துல அசிங்கம் பண்ணாது. அதுக்கு ஒதுங்க ஒரு எடம் வேணும், அம்புட்டுதான். இந்தப் பக்கம் சாக்கப் போடு, அந்தப் பக்கம் தகரத் தட்டுல மணல நெரப்பி வையி" என்றார்.

ஓடையில் இருந்து மணல் அள்ளி வந்து சலித்துப் போட்டேன். குட்டி தூங்கி எழுந்ததும், வயிறு நிரம்பினதும் தூக்கித் தட்டில் விட வேண்டும். மணலில் இருந்துவிட்டால் கழுத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். பலகையில் இருந்துவிட்டால் அடிக்கக் கூடாது, பேசாமல் துடைத்துவிட வேண்டும். மணலை மாற்றும்போது நனைந்த மணலில் ஒரு பிடியைப் புது மணலோடு கலந்துவிட வேண்டும், வாடை பிடித்து அதுவே வரும். இதெல்லாம் அம்மா சொன்னது. நான் சொன்னபடி செய்தேன். நடுநடுவே எழுந்து போய், செய்தது சரிதானா என்று பார்த்தேன்.

நாங்கள் குடியிருந்தது பங்களா மதிலை ஒட்டி, ரோட்டைப் பார்த்த ஒற்றை அறையில். என் சம்சாரம் வாசலில் உட்கார்ந்து நான் மணல் சலிப்பதைப் பார்ப்பாள்.

"ஏங்க, நாய்க்கு இம்புட்டு நைசாச் சலிக்கீகளே, எனக்கு ஒரு நா அரிசியில கல்லுப் பாத்துக் குடுத்தீகளா?"

"சும்மா இருட்டி."

"பிள்ள பொறந்தா அதுக்கும் ஒரு தட்டு மணல் வச்சிருவீக போலருக்கு."

என் மனசில் போட்ட கட்டைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

மணல் வேலை செய்தது. குட்டி சாக்கை விட்டு எழுந்து, தள்ளாடித் தள்ளாடித் தட்டுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து உட்கார ஆரம்பித்தது. நாங்கள் கூட்டை நெருங்கினாலே, தூங்குகிற குட்டி விழித்து வாலை ஆட்டும். ஐயா வந்து சட்டத்தைத் தட்டிக் கூப்பிடுவார், உடனே திரும்பும். "பாத்தியா, காது எப்படி!" என்பார். பிறகு அம்மா சொன்னபடி கூட்டின் ஒரு பக்கத்து அழியைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்தினோம். கடைசியில் தட்டு பின்தாழ்வாரத்துக்கே போய்விட்டது. குட்டியும் அது போன இடத்துக்குப் போனது.

ஆனால் கூட்டை விட்டு வெளியே வந்தால் அது வேறு நாய். கூடத்துத் தரையில் நின்று ஐயா தொண்டை கிழியக் கூப்பிடுவார். குட்டி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். "திமிரு புடிச்ச நாயி" என்று பேப்பரைச் சுருட்டி அடிப்பார். அடி எங்கிருந்து வந்தது என்று அது சுற்றிச் சுற்றிப் பார்க்கும்.

ஒரு நாள் மத்தியானம் கூடத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குட்டி சிமிண்டில் குளிர்ச்சியாகக் கிடந்து தூங்கியது. ஈரக் கையில் இருந்து இரும்பு வாளி நழுவி அதன் தலைக்குப் பின்னால் விழுந்தது. அடுக்களையில் இருந்து அம்மா "என்னது?" என்று கத்தினார். ரோட்டில் போன வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். குட்டி அசையவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்து நான் வயிற்றில் கை வைத்தேன். கை பட்டதும் விழித்து என் விரலை நக்கியது.

குட்டியைத் தூக்கிக் கூட்டில் விட்டு, அது மறுபடி தூங்குகிறவரை செத்த நேரம் காத்திருந்தேன். பின்பக்கமாகப் போய், சத்தமே இல்லாமல் என் கால் பெருவிரலைப் பலகையில் வைத்து அழுத்தினேன். உடனே தலையைத் தூக்கியது. அது கேட்டது காதால் இல்லை. கால்கள் மேல் நின்ற அந்தப் பலகையில் யார் நடந்தாலும் தொட்டாலும் அதன் வயிற்றுக்கு அதிர்வு போயிருக்கிறது. சிமிண்டுத் தரை ஒன்றும் சொல்லாது. இத்தனை நாளும் அந்தக் கூடுதான் அதற்குக் காதாக இருந்திருக்கிறது, எங்கள் கண்ணையும் மறைத்திருக்கிறது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும். ரெண்டு நாளா அது பின்னால நின்னு கூப்பிட்டுப் பாக்கேன்."

"ஐயாவுக்கு?"

"அவிய கிட்ட நான் சொல்லல. முதலாளி வந்து போவட்டும். பொறவு மெதுவாச் சொல்லிக்கிடலாம். அவர் இருக்கப்போ குட்டி கூட்டுக்குள்ள பலகை மேலேயே இருக்கட்டும்."

முதலாளி வந்த அன்று காலையில் குட்டியைக் குளிப்பாட்டிக் கூட்டில் விட்டுக் கழற்றின அழியைத் திரும்ப மாட்டினேன். மாட்டின ஆணியை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஆனால் ஐயா பெருமையில் இருந்தார். முதலாளி காபி குடித்து முடிப்பதற்குள், "அவுத்து விடுலே, வீட்டு நாய எதுக்குக் கூட்டுல வச்சிருக்கே?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அழியைக் கழற்றினேன்.

குட்டி வந்து ஜமுக்காளத்தில் படுத்தது. கொஞ்சம் பொறுத்து எழுந்து, முதலாளியின் செருப்பை மோந்துவிட்டு, நேராகப் பின்தாழ்வாரத்துக்குப் போய் மணல் தட்டில் இருந்துவிட்டு, காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் தூக்கிவிடவில்லை.

"அடேயப்பா! எங்க வீட்டுப் பேரமாருவளே இப்படிப் போமாட்டானுவ" என்றார் முதலாளி. ஐயா முகம் மலர்ந்துபோனது. பிழைத்தது என்று நினைத்தேன். அப்போது என் சம்சாரத்தின் வயிறுதான் என் கண் முன்னால் வந்தது.

முதலாளி நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். குட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையைத் தட்டினார். கைத்தடியைத் தூக்கி அதன் முதுகுக்குப் பின்னால் சிமிண்டில் ஓங்கி அடித்தார். அது கொட்டாவி விட்டது.

முதலாளி சிரித்த சிரிப்பில் காபி டவரா ஆடியது. "என்னய்யா மேனேஜர், செவிட்டு நாயக் காவலுக்கு வச்சிருக்கீரு! திருடன் வந்தா அதுக்கிட்ட எழுதிக் காட்டணுமோ?" கூட வந்திருந்த கணக்கப்பிள்ளைகளும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். ஐயா சிரிப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் முதலாளியின் வண்டி கேட்டைத் தாண்டினதும் ஐயா என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "நாளைக்கு விடியக்காலம் கொண்டுபோய் அந்தக் கெழவன் மூஞ்சியில எறிஞ்சிட்டு வா."

"ஐயா, குழியில போட்டுருவாகய்யா."

"போடட்டும். செவிட்ட வித்தவன் அவன்தான?"

"அது மணல்ல பழகின பொறவு வீட்டுக்குள்ள ஒரு நாளும் அசிங்கம் பண்ணலய்யா. நீங்க சொன்னது அதுதான."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அதுவரைக்கும் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசினதில்லை. இருந்தாலும் வந்துவிட்டது. "நானே வச்சிக்கிடுதேன்யா."

"வச்சிக்கிடுதியா? பதினஞ்சு ரூவா குடுத்து வாங்கினதுலே. வெலயக் குடு, வச்சிக்க."

"சம்பளத்துல மாசம் ஒண்ணு புடிச்சிக்கிடுங்கய்யா."

"சோத்துக்கு?"

"என் சோத்துல பாதி."

"ஒம் பொண்டாட்டி சோத்துலன்னு சொல்லு" என்றுவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் நான் போனபோது அம்மா கூட்டையும் தகரத் தட்டையும் பின்வாசலில் எடுத்து வைத்திருந்தார். "தூக்கிட்டுப் போ. அது இல்லாம அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

பதினைந்து ரூபாய்க்கு நாய் வாங்கினவன் என்று பாக்டரியில் எனக்கு ஒரு பட்டமே வந்துவிட்டது. சம்சாரம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் குட்டி அவள் கால்மாட்டில் போய்ச் சுருண்டு படுத்தது. அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. அதன் சூடு இதமாக இருக்கிறது என்றாள். எங்கள் அறை சாணி மெழுகின மண்தரை. அதிலும் அதற்கு ஒன்றும் கேட்காது. அவள் முந்தானையை உதறினால் காற்றுப் பட்டுத் திரும்பிப் பார்க்கும். அப்படித்தான் அதைக் கூப்பிடுவாள். அந்தச் சின்ன அறைக்குள் அது ஒரு நாளும் அசிங்கம் பண்ணவில்லை. மணல் தட்டு வாசலுக்கு வெளியே இருக்கும், தானே போய்விட்டு வரும்.

வளர வளர அதற்குத் தட்டுப் போதவில்லை. கால் நாலும் நீண்டு, தட்டில் நின்றால் பாதி உடம்பு வெளியே நின்றது. அந்தச் சமயத்தில்தான் ரோடு போடுகிறவர்கள் வந்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், எங்கள் வாசலுக்கு நேராக, வண்டி வண்டியாக ஆற்றுமணலைக் கொட்டிக் குவித்தார்கள். நாங்கள் தட்டில் வைத்துப் பழக்கின அதே மாதிரி மணல். நாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? தனக்காகவே கொண்டுவந்து கொட்டினது மாதிரி இருந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் அது ரோட்டைக் கடந்து குவியலின் மேல் ஏறி இருந்துவிட்டு, அழகாக மூடிவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்தேன். மதுரைக்கும் தென்காசிக்கும் போகிற பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும். கயிறு போட்டுக் கட்டினேன், கடித்துப் போட்டுவிட்டது. சங்கிலி வாங்கக் காசில்லை. கூட்டில் விட்டு அழியை மாட்டினேன், உள்ளுக்குள் நின்று தவித்தது, ஆனால் பலகையில் இருக்காது. அடக்கிக்கொண்டு அழும். அடுத்த வாரம் அழியைத் தாண்டக் கற்றுக்கொண்டது. மேலே ஒரு தட்டியைப் போட்டு மூடிக் கல்லை வைத்தேன். ரோடு போடுகிற மேஸ்திரியிடம் போய், மணலை எங்கள் பக்கமாகக் கொட்டுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். அவர் கூலியாட்களைக் கூப்பிட்டு, "இன்னொருக்கச் சொல்லும், இவனுவளும் கேக்கட்டும்" என்றார். நான் இன்னொரு தடவை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் காலையில் நான் தண்ணீர்க் குடத்தோடு கிணற்றில் இருந்து வந்துகொண்டிருந்தேன். தட்டி சரிந்து கிடந்தது தூரத்திலேயே தெரிந்தது. குட்டி ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. ஓடவில்லை, காலைக்கடனுக்குப் போகிறவன் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்தது. பஸ் ஆரன் அடித்தது. ரப்பர்ப் பந்தை அமுக்கி அமுக்கி டிரைவர் அடித்த சத்தம் மதிலில் பட்டு எதிரொலித்தது. நான் குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலைப் பார்த்தே போனது.

டிரைவர் இறங்கி வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அடிச்சேன்யா ஆரன, இந்தா உள்ள இருக்கவுக எல்லாரையும் கேளும். அது திரும்பியே பாக்கல. நாயா அது, கல்லா?"

"அடிச்சாருப்பா, எங்களுக்கே காது அடைச்சிப்போச்சு" என்றார் ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பாய். பாவம், இறங்கி வந்து என்னோடு சேர்ந்து அதைத் தூக்கினார்.

"அவசரத்துல போறவனுக்கு ஆரன் எங்க கேக்கும், ஏறுங்க ஏறுங்க" என்று கண்டக்டர் சொன்னான். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது ஒரு நாய்.

மதிலுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் புதைத்தேன். குழி வெட்டும்போது கை நிற்கவே இல்லை. எந்தக் குழி வேண்டாம் என்று அதைச் சம்பளத்தை எழுதிக்கொடுத்து வாங்கினேனோ, அந்தக் குழியை நானே வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் ஒரு பொட்டு அசிங்கம் பண்ணாத நாய். பழக்கினது பழக்கினபடி மணலைத் தேடித்தான் போனது. பஞ்சாரத்திலேயே கிடந்து அழுக்கில் புரளப் பழகியிருந்தால் ரோட்டைத் தாண்டியிருக்காது.

உள்ளே போனதும் அவள் கேட்டாள்: "குட்டி எங்க? முந்தானைய உதறி உதறிக் கை வலிக்கு."

"அங்கன கெடக்கும்" என்றேன். என் கையில் மண். அவள் என் கையையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பிள்ளை பிறக்கிறவரைக்கும் நான் இருந்த இருப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. சோறு இறங்காது. அவள் பெருமூச்சு விட்டால் எழுந்து உட்காருவேன். பிள்ளை துடிக்கிறதா என்று அடிக்கடி கேட்டு அவளிடம் ஏச்சு வாங்குவேன். கோயிலில் முழங்காலில் நின்று அந்தக் கட்டை எடுத்துவிடும்படி கேட்டேன். போட்டது நான், எடுக்க மட்டும் ஆண்டவரைக் கூப்பிடுகிறேனே என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

பெண்பிள்ளை பிறந்தது. அழுதது. மருத்துவச்சி, "நல்ல தொண்டை, தெருவக் கூட்டிருவா" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உயிர் இருக்கிறது, சரி. வேறு எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால்? ரொம்ப வெள்ளையாக வேறு இருந்தது. சில நாள் பொறுத்து, சம்சாரம் பின்னால் துவைக்கப் போன நேரம் பார்த்து, அம்மா வீட்டில் இருந்து பித்தளைத் தாம்பாளத்தை வாங்கி வந்தேன். பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்கியது. தொட்டில் உத்தரத்தில் இருந்து தொங்கியது, சுவரில் படவில்லை, தரையில் படவில்லை. பக்கத்தில் வேறு பிள்ளை இல்லை. நான் காலைக்கூட அசைக்காமல் நின்றேன். தலைமாட்டுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து ஓங்கி அடித்தேன்.

தொட்டில் மொத்தமும் உதறிக்கொண்டது. பிள்ளை வீல் என்று கத்தியது. என் சம்சாரம் சோப்பு நுரை வழிகிற கையோடு ஓடிவந்தாள்.

"பாவி மனுசா, பச்சப் பிள்ளையக் கொல்லுதீகளா? கிறுக்குப் புடிச்சிருக்கா ஒங்களுக்கு?"

நான் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஏசினாள், ஏசிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு என்னமோ புரிந்திருக்க வேண்டும். மூலையில் காலியாகக் கிடந்த கூட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேருமாக, பிள்ளை அழுது ஓய்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த மாசச் சம்பளத்தன்று ஐயா, "பிள்ள சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். நாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஏழு ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். நான் எண்ணிப் பார்த்தேன், திரும்ப ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. செத்த நாய்க்கு இன்னும் பாக்கி பதினோரு ரூபாய்.